இல்லாத சிலையைப் பார்த்தவள்

அக்டோபர் 6, ஞாயிறு

இன்றைக்குக் கப்பல் ஏறியவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும் "நான் அங்கே இல்லவே இல்லையே" என்று நழுவக் கூடாது.

நான், ராமாத்தாள், காங்கேயம். என் மகன் ஜெகதீசன், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவன். அவன் பெண்டாட்டி பிரபாவதி, இந்தப் பயணத்தில் நடக்கப்போகிற சதிக்கெல்லாம் தலைவி. அவர்கள் மகள் தீட்சனா, காலேஜ் படித்து முடித்துப் போனும் கையுமாக இருக்கிறவள். என் தம்பி சென்னியப்பன். அவனுக்கு எழுபது நிறைந்ததற்குத்தான் இந்தக் கொண்டாட்டம். கடைசியாக, வெள்ளகோயில்காரி.

வெள்ளகோயில்காரிக்குப் பேர் ஒன்று உண்டு. நாற்பது வருசத்துக்கு மேலாக அதை நான் சொன்னதில்லை, எழுதவும் மாட்டேன். எனக்கு அடுத்துப் பிறந்தவள், தம்பிக்கு மூத்தவள். அவ்வளவு தெரிந்தால் போதும்.

இத்தாலியில்தான் கப்பல் ஏறினோம். கப்பல் என்றார்களே ஒழிய அது ஒரு தாலுகா ஆபீஸ், ஒரு கல்யாண மண்டபம், ஒரு பொருட்காட்சி மூன்றையும் ஒன்றாகக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டது போல இருக்கிறது. சாவிக்குப் பதில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அறையைத் திறந்தால் ரெண்டு கட்டில். ஒன்றில் வெள்ளகோயில்காரி உட்கார்ந்திருக்கிறாள்.

"பிரபா, இது என்ற ரூமா, இல்லே மாத்திக் குடுத்துட்டாங்களா?"

"இதேதானுங்கத்தை. மத்த ரூமெல்லாம் நெறஞ்சு போச்சுங்."

"இத்தாச்சோடு பெரிய கப்பல்ல எனக்குன்னு ஒரு ரூமு இல்லே."

"கடலு தெரியற ரூமுங்கத்தை. கதவத் தொறந்தா நல்லாக் காத்து வருமுங்."

"காத்து வரட்டும். கூட என்னென்ன வந்திருக்குதுன்னுதான் பாக்கறேன்."

அதற்குள் ஜெகதீசன் வந்து கதவோரம் நின்றான். "அம்மா, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. நீயும் சின்னம்மாவும் பேசணும். கப்பல்ல இருந்து எறங்கறதுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை பேசிட்டயின்னாப் போதும்."

"அதுக்கா இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டியாந்தே?"

"அதுக்கேதான்."

காசு தண்டம் என்று சொல்லிவிட்டேன். இந்த வாயிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை வராது. கப்பல் கவிழ்ந்தாலும் வராது.

என்ன கோபம் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவள் பட்டுடுத்தி, கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழையோடு மணவறையில் அவனுக்குப் பக்கத்தில் நிற்பாள். பொண்ணுக்கு நிகரான மரியாதை அன்றைக்கு அவளுக்கு. சென்னியப்பன் கல்யாணத்துக்கு அந்தச் சீர் மூத்தவளான எனக்கு. அதற்கென்று அரக்குச் சேலை எடுத்துக் கட்டிக்கொண்டு விடியக்காலம் பந்தலுக்குப் போகிறேன், இவள் பேழையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். மாம்பழக் கலர் சேலை, பச்சைக் கரை, இடது பக்க முந்தியில் நூல் பிரிந்திருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் வீட்டுக்கு வந்தேன். அன்றோடு சரி.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் எல்லாரையும் மேலே கூப்பிட்டுக் கப்பல் மூழ்கினால் எங்கே நிற்பது என்று காட்டினார்கள். மூழ்காது என்று சொல்லித்தானே ஏற்றினீர்கள் என்று கேட்கச் சொன்னேன். தீட்சனா கேட்க மாட்டேன் என்றுவிட்டாள்.

சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு பந்தியும் கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு அவனவன் மேய வேண்டியது. ஜெகதீசனை மாதிரி நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் எல்லாம் ஒரு துண்டு பப்பாளிக்காக வரிசையில் நிற்கிறார்கள். தொப்பை வைத்த ஒரு வெள்ளைக்காரர் காலையில் எட்டிலிருந்து உணவு மேசையை விட்டு நகரவில்லை. அவருக்கு ஊர் பார்க்கவே வேண்டாம் போலிருக்கிறது. சென்னியப்பன் அவரோடு சிநேகம் பிடித்துவிட்டான். பாஷை தெரியாதே என்றால், "இட்லிக்கு எதுக்குங்க்கா பாஷை?" என்கிறான். அது இட்லியும் இல்லை.

வெள்ளகோயில்காரியின் ஆட்டத்தையும் எழுதி வைக்கிறேன். எதிரில் வந்தேன், கண்டும் காணாமல் போனாள். போகட்டும், அது பழக்கமானது. ஆனால் ஒரே அறையில் இருந்துகொண்டு, நான் அவள் முன்னால் வந்தால் கழுத்தை அக்கட்டால திருப்பிச் சுவரைப் பார்க்கிறாள். அப்படியே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் நகர்கிற வரைக்கும். என் மூஞ்சியைப் பார்க்க அவ்வளவு அருவருப்பு. என் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். காப்பியில் உப்பைப் போட்டுக் கலக்கி, முகம் சுளிக்காமல் குடித்தாள். அது என் எதிரில் தோற்கக் கூடாது என்கிற வீம்பு, எனக்குத் தெரியாதா? எங்கே போனாலும் தீட்சனா தோளில் கையை வைத்துக்கொண்டு ஜமீன்தாரிணி மாதிரி நடக்கிறாள்.

மத்தியானம் என் உள்பாவாடையைத் துவைத்து வெளியே கம்பியில் காயப் போட்டேன். அறையைப் பெருக்க வந்த பையன் அதை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டு, துண்டில் ஒரு யானை செய்து கட்டிலில் வைத்துப் போயிருந்தான். யானையைப் பிரித்து உதறினேன். ஈரப் பாவாடையை மறுபடி கம்பியில் போட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

கடல். பேசவில்லை. தயிர் சாதம் கேட்டதற்குச் சர்க்கரை போட்ட தயிர் கொடுத்தார்கள்.

அக்டோபர் 9, புதன், மத்தியானம்

இதை ரோட்ஸ் என்கிற ஊரில் ஒரு நீரூற்றுப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். கிரீஸ் தேசத்துத் தீவு. கப்பல் கோட்டைச் சுவருக்குக் கீழேயே வந்து நின்றது. அஞ்சு மணிக்குள் திரும்பி ஏறிவிட வேண்டும், ஏறாதவர்களை விட்டுவிட்டுப் போவோம் என்று மைக்கில் சொன்னார்கள். எவ்வளவு மரியாதையான குரல்! விட்டுவிட்டுப் போகிறதை இவ்வளவு இனிப்பாக நான் கேட்டதில்லை.

குச்சியில் மஞ்சள் துணி கட்டிய ஒரு பெண் எங்களை ஓட்டிக்கொண்டு போனாள். பழைய துறைமுகத்துக்குப் போனோம். படகுகள் நிற்கிற வாய்க்கு ரெண்டு பக்கமும் உயரமான தூண், தூணுக்கு மேலே சின்னதாய் ஆண் மான் ஒன்று, பெண் மான் ஒன்று. அதுதான் இருக்கிறது. மஞ்சள் துணிக்காரி மானைக் காட்டாமல் ரெண்டு மானுக்கும் நடுவில் இருக்கிற வெறும் ஆகாயத்தைக் காட்டி நெடுநேரம் பேசினாள். எல்லாரும் அந்த ஆகாயத்தைப் போட்டோ எடுத்தார்கள்.

"என்ன சொல்றா?" என்று தீட்சனாவைக் கேட்டேன்.

"இங்கதான் பெரிய வெண்கலச் சிலை ஒண்ணு நின்னதாம் அப்பத்தா. உலக அதிசயமாம். பூகம்பத்துல விழுந்துருச்சாம்."

"எப்ப?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி."

"அப்ப எதப் பாக்கக் கூட்டியாந்தா?"

"அது இருந்த எடத்த அப்பத்தா."

காங்கேயத்தில் எங்கள் மாட்டுக் கொட்டாய் இருந்த இடத்தை நானும் காட்டுவேன். வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போங்கள்.

வெள்ளகோயில்காரி முன்னால் நின்றாள், சென்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டு. அவன் இவளிடம், "சிலைங்க்கா! ஏழு அதிசயத்துல ஒண்ணாமா!" என்றான். அதற்குமேல் விவரம் சொல்ல அவனுக்குப் பொறுமை ஏது? இவள் அந்தப் பெண் கை காட்டிய பக்கம் தலையைத் தூக்கினாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடேங்கப்பா! எவ்வளவு பெருசு! ஆகாசத்துக்கு நிக்குதே சாமி!"

சென்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்தில் நின்ற பெங்களூர்க்காரர்கள் தமிழ் புரிந்து சிரித்தார்கள். புரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், ஏன் சிரிக்கக் கூடாது? பாராததைப் பார்த்ததாகப் பீற்றிக்கொள்வது அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. பிரபாவதி மட்டும் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளகோயில்காரியும் சிரித்தாள், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.

அப்புறம் கோட்டைக்குள். தெருவெல்லாம் உருண்டைக் கூழாங்கல்லைக் குத்த வைத்துப் பதித்திருக்கிறார்கள். கூழாங்கல்லை ஆற்றில் போடாமல் ஊரில் பதித்த புண்ணியவான் எவனோ. ஒரு காப்பிக் கடை முன்னால் நிழலில் பிரபாவதி எங்கள் ரெண்டு பேரையும் உட்கார வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்கத்தை. நாங்க அரமணையப் பாத்துட்டு வந்தர்றோம். அங்க படி சாஸ்தியாமா."

"எனக்கென்ன படி ஏறத் தெரியாதா?"

"சின்னத்தைக்கு முடியாதுங்கத்தை. தனியா எப்படி விடறது?"

போய்விட்டார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் ரெண்டு பேரைத் தனியாக விட்டுப் போகிற மாதிரி.

காப்பி வந்தது. மருந்து ஊற்றுகிற அளவுக் கிண்ணத்தில், அடியில் பாதி சேறு. நடுவில் ஒரு காலி நாற்காலி. அதில் ஒரு வரிப் பூனை வந்து உட்கார்ந்தது. இந்த ஊரில் ஆளுக்கு நாலு பூனை.

எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஒருத்தர் காதில் ஒன்று விழ வேண்டுமென்றால் மாட்டிடம் சொல்வோம், சுவரிடம் சொல்வோம், கொதிக்கிற உலையிடம் சொல்வோம். அது பேசினதில் சேராது. பூனையிடம் சொன்னேன்.

"ஏம் பூன, நீயாச்சும் சொல்லு. இல்லாத சிலையக் கண்ணால பாத்தவ இந்த ஊருல வேற யாராச்சும் உண்டா?"

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து: "பூன, சிரிக்கறவிய சிரிக்கட்டும். சிரிச்சாவது ஒரு சத்தம் கேட்டுதே இந்தப் பக்கமிருந்து."

"சத்தத்துக்கு என்ன பஞ்சம்? பந்தல்ல கூப்பிடாம வந்து பேழையத் தூக்குனவகிட்டக் கேளு, அன்னைக்கு மேளச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு."

"கூப்பிடாம வந்தனா? பூன, நல்லாக் கேட்டுக்க. வரமாட்டேன்னு சொல்லி அனுப்புனது ஆருன்னு கேளு."

"ஆரு சொல்லி அனுப்புனது? நானா?"

"சேல தரங்கம்மி, இதக் கட்டிட்டுச் சபையில நிக்க என்னால முடியாதுன்னு சொன்னது ஆரு? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, பெரியக்கா வரமாட்டேங்கறா, நீதான் நிக்கோணும்னு தம்பி வந்து என்ற கையப் புடிச்சு அழுதான். இருந்த சேலையக் கட்டிட்டு ஓடுனேன். முந்தி பிரிஞ்சதக்கூடத் தைக்க நேரமில்ல."

"பூன! என்ற தம்பி பந்தல்ல என்கிட்ட வந்து என்ன சொன்னான் தெரியுமா? சின்னக்கா அடம் புடிக்கறா, மண்ணுல பொரண்டு அழுவறா, நீ விட்டுக் குடுத்துருன்னான்!"

கடைக்காரர் நாங்கள் பூனையை இவ்வளவு கொஞ்சுகிறோம் என்று நினைத்து ஒரு தட்டில் வறுத்த மீன் தலை கொண்டுவந்து அதற்கு வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார். பூனை எங்கள் ரெண்டு பேரையும் விட்டுவிட்டு மீனைப் பார்த்தது.

"அப்ப ஆரு பொய் சொல்றது?" என்றேன். மீனுக்குத்தான்.

"நான் சொல்லல," என்றாள், கழுத்தை அக்கட்டால திருப்பிக்கொண்டு.

அந்தத் திருப்பல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை என்றால் பொய் சொன்னவன் சென்னியப்பன். அம்மா செத்த பிறகு நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன் பொய் சொல்வானா? அவனைப் பொய்யனாக்கிவிட்டு முகத்தை வேறு திருப்புகிறாள். எழுந்து வந்துவிட்டேன். பின்னால் "அக்கா" என்று ஒரு சத்தம் கேட்டது. யாரையோ.

அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். பிரபாவதி வந்து கூட்டிப் போவாள். எனக்கு வழி தெரியும். ஒரு தடவை நடந்த வழியை நான் மறந்ததில்லை.

குடையைக் கடையிலேயே விட்டுவிட்டேன். அதை எடுக்கப் போக வேண்டும். குடைக்காகத்தான்.

அதே நாள், சாயங்காலம், கப்பலில்

போனேன். நாற்காலி காலி. பூனை மட்டும் இருந்தது. காப்பிக் கிண்ணம் கவிழ்ந்து மேசையெல்லாம் சேறு. கடைக்காரர் என்னைக் கண்டதும் ஓடி வந்து என்னென்னவோ சொன்னார். கையால் என்னைக் காட்டினார், அப்புறம் ஒரு சந்துப் பக்கம் காட்டினார், அப்புறம் ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டு நடந்து காட்டினார். கூத்தாடிக் காட்டுகிறாரே என்று முதலில் எரிச்சல் வந்தது.

அவர் காட்டியது நான் போன சந்து இல்லை. அதற்கு அடுத்தது.

அந்த ஊரில் எல்லாச் சந்தும் ஒன்று போலத்தான். ஆனால் ஒரே மாதிரி என்று சொல்கிறவர்கள் பார்க்காதவர்கள். நீலக் கதவு, அதில் இடது கீல் துரு. ஒடிந்த ஜாடியில் துளசி மாதிரி ஒரு செடி. வளைவுக்கு மேல் காயப்போட்ட சட்டை, ஒரு பொத்தான் இல்லை. மனசில் போட்டுக்கொண்டே போனேன், திரும்பி வர வேண்டுமே. நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டேன். வெயில்.

ஒரு வளைவைத் தாண்டினால் சந்து முடிந்து, கீழே படி இறங்குகிறது. கைப்பிடி இல்லாத கல் படி, செங்குத்து. அதன் விளிம்பில் அவள் நிற்கிறாள். ஒரு கை சுவரில். தலை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. வலது காலை முன்னால் நீட்டி, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுகிற மாதிரி, காற்றில் துழாவுகிறாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. உப்புப் போட்ட காப்பி தெரிந்தது. செருப்பு தெரிந்தது. அந்தச் சிலை தெரிந்தது.

"பூவாத்தா! நில்லு அங்கயே! காலப் பின்னால எடு!"

காலைப் பின்னால் எடுத்தாள். திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆருகிட்டப் பேசறே? இங்க பூன இல்லையே."

"நாக்க அறுத்துருவேன். அசையாம நில்லு."

கிட்டப் போய்க் கையைப் பிடித்து இழுத்து ஒரு வாசற்படியில் உட்கார வைத்தேன். இழுத்ததில் என் வளையல் ஒன்று நசுங்கிவிட்டது. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. இப்போதும் கழுத்தை அக்கட்டால திருப்பிக்கொண்டு இருந்தாள்.

"இன்னுமா மூஞ்சியத் திருப்புவே? இங்க பாரு!"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"செவுத்தையா?"

"ஒன்னையத்தான். நேராப் பாத்தா நடுவுல ஒண்ணுமே தெரியறதில்ல அக்கா. புகை அப்புன மாதிரி. ஓரத்துல மட்டும் தெரியுது. ஒன்ற மூஞ்சியப் பாக்கோணும்னா செவுத்தப் பாத்தாத்தான் பாக்க முடியுது."

அந்த ஊரில் எங்கேயோ மணி அடித்தது. தூசி விழுந்துவிட்டதால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நரச்சுப் போயிட்டே," என்றாள் சுவரைப் பார்த்து.

"நீ மட்டும் என்ன? மீசை மொளச்சிருக்குது."

"நெசமாவா?"

"நாலு முடி."

"ஒருத்தியும் சொல்லலியே!" என்றாள். தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். கல் தூக்கியிருந்தால் "கல்லு" என்றேன், பள்ளமென்றால் "பள்ளம்" என்றேன். நடுநடுவில் கல்யாணத்து விசயத்தைப் பேசினோம். நடுநடுவில் திட்டினேன். நாற்பது வருசத்துத் திட்டு நிறைய மிச்சம் இருந்தது, வழி போதவில்லை. சிலையைப் பற்றியும் கேட்டேன். "எல்லாரும் பாக்கறாங்க, எனக்கு மட்டுந்தான் தெரியலயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்," என்றாள். "சும்மா நின்னா, தெரியலைன்னு கண்டுபுடிச்சுருவே."

சட்டை காயப்போட்ட வளைவு வந்தது. ஜாடி வந்தது. நீலக் கதவு வந்தது. கோட்டை வாசலைத் தாண்டினால் கப்பல், அடியில் ஏணி. ஜெகதீசன் சட்டையெல்லாம் வேர்த்து அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான். பிரபாவதி கப்பல்காரனிடம் ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். தீட்சனா எங்களைக் கண்டதும் போனைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, எடுக்காமல் இறக்கிவிட்டாள்.

சென்னியப்பன் ஒரு நிழலில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கீங்க்கா போனீங்க? நான் எப்படிப் பயந்து போயிட்டேன் தெரியுங்களா?"

"பயத்துக்கு எத்தன ஐஸ்கிரீம் ஆச்சு?"

"ரெண்டுதானுங்க்கா."

"சென்னியா, ஒன்ற கல்யாணத்தன்னைக்கு விடியக்காலம் என்கிட்ட ஒண்ணும் இவகிட்ட ஒண்ணும் சொன்னயே, எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான், பூவாத்தாளைப் பார்த்தான், எங்கள் கையைப் பார்த்தான். கோத்திருந்தது. ஐஸ்கிரீம் அவன் மணிக்கட்டில் வழிந்தது.

"பொண்ணு அழுதாளுங்க்கா. நிச்சயத்தன்னைக்கு நீங்க அவளப் பாத்து, காது சின்னதா இருக்குது, தோடு நிக்காதுன்னு சொன்னீங்களாமா. அந்த அக்கா பக்கத்துல நின்னா நான் மணவறைக்கே வரமாட்டேன்னு ஒக்காந்துட்டா. நான் என்ன பண்றது? நேராச் சொன்னா நீங்க அடிப்பீங்க."

"அடிச்சிருப்பேன். காது சின்னதுதானே?"

"சின்னதுதானுங்க்கா," என்றான் பாவம் போல. "ரெண்டு நாள்ல சரியாப் போயிருமுன்னு நெனச்சனுங்க. அப்புறம் சொல்றக்கு நேரம் வரவே இல்லைங்க."

கப்பல்காரன் கையை ஆட்டினான். ஏறினோம்.

குடை அந்தக் கடையிலேயே கிடக்கிறது போலிருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

கடல். பூவாத்தாளுக்குத் தட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பாசிப்பயிறு மாதிரி ஏதோ ஒன்று வைத்தார்கள், மேற்கால, தக்காளி கிழக்கால, நடுவில் சாதம். "உப்பு?" என்றால், "எடுக்காதே, நான் போடறேன்" என்றேன். காலையில் அவளுக்குத் தலை சீவிவிட்டேன். சிக்கு. தீட்சனாவிடம் கேட்டு ஒரு குட்டிச் சாமணம் வாங்கி அந்த நாலு முடியையும் பிடுங்கினேன். "அஞ்சு," என்று கத்தினாள். ஒன்று கணக்கில் விட்டுப்போயிருந்தது.

ஜெகதீசன் ஒரு வார்த்தை போதும் என்றான். இப்போது பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டுகிறான், தூங்க விடுங்கள் என்று. மத்தியானத் தூக்கம்தானே, அப்புறம் தூங்கிக்கொள்ளட்டும்.

பிரபாவதியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். ஒரு வருசமாக அவளுக்கு மட்டும் தெரியுமாம். கோயமுத்தூர்க் கண்ணாஸ்பத்திரியில் பூவாத்தாளுக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்களாம். இருக்கிற ஓரத்தைக் காப்பாற்றத்தான் ஊசியாம், போனது திரும்பாதாம். சேர்ந்தாற்போல ரூமு போடச் சொன்னதுகூடப் பிரபாவதி யோசனை இல்லையாம். "சின்னத்தைதானுங்க கேட்டாங்க. எந்த ஊரும் பாக்க வேண்டாம், அக்காவோட ரூமுல ஒரு கட்டில் போட்டாப் போதும்னாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்ற தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாங்க." மருமகள் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள். அவளைச் சதிக்குத் தலைவி என்று எழுதியது எழுதியதுதான். ஆனாலும் அவள் மேல் கோபம் இல்லை.

சென்னியப்பனைப் பற்றியும் யோசித்தேன். காலையில் எங்கள் அறைக் கதவைத் தட்டி, உள்ளே வராமல், ஒரு கிண்ணத்தில் பப்பாளியை நீட்டிவிட்டு ஓடிப்போனான். சங்கடம் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவன். அவனுக்கு வைத்த புத்தி அவ்வளவு. மன்னித்துத் தொலைத்தேன். அவன் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சின்னக் காதோடு அந்தப் பிள்ளை நல்லபடியாகத்தான் குடித்தனம் பண்ணினாள். பந்தல், பேழை, மாம்பழக் கலர் சேலை எல்லாம் போகட்டும்.

ஆனால் வெள்ளகோயிலிலிருந்து கோயமுத்தூருக்குப் பஸ் காங்கேயம் வழியாகத்தான் போகும். என் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் ரோடு. ஊசி போட்டுக்கொள்ள மாசாமாசம் அந்தப் பஸ்ஸில் தன்னந்தனியாகப் போயிருக்கிறாள். போகும்போது ஒரு தடவை, கட்டுப் போட்ட கண்ணோடு வரும்போது ஒரு தடவை. நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். சன்னலோரம் உட்கார்ந்து, தலையைத் திருப்பிக்கொண்டு, என்னைப் பார்த்தாளாம். எத்தனை தடவை என்று கேட்டால் சிரிக்கிறாள். பார்த்தவள் ஒரு தடவைகூட விசில் அடிக்கச் சொல்லவில்லை, இறங்கவில்லை, "அக்கா, கண்ணு போவுது" என்று வந்து நிற்கவில்லை.

இந்தக் கப்பலில் ஏறிய அத்தனை பேரையும் மன்னிக்கிறேன், ஒருத்தியைத் தவிர. நான் இருக்கிற வரைக்கும் அவளை மன்னிக்க மாட்டேன்.

அவள் பேர் பூவாத்தாள்.